ஜப்பானிய வாடிக்கையாளரிடம் முடிவு பெற்ற விதம்

திருப்பூரிலிருந்து குழந்தைகளுக்கான பின்னலாடைகளை ஒசாகாவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றபோது, ஒவ்வொரு காணொளிக் கூட்டமும் மிகுந்த மரியாதையுடன் நடந்து, எந்த முடிவும் இல்லாமல் முடிந்துகொண்டிருந்தது. விலையைக் குறைத்தும் நிலைமை மாறவில்லை.

ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் ஒரு முன்மொழிவு துறை துறையாகச் சுற்றி, ஒவ்வொரு பொறுப்பாளரின் முத்திரையையும் பெற்ற பிறகே முடிவாகிறது என்பதையும், 'ரிங்கி' எனப்படும் இந்த முறைக்கு முன்பே தனித்தனியாகப் பேசி இசைவு திரட்டிவிடுகிறார்கள் என்பதையும் அறிந்த பின்னர்தான், கூட்டத்தில் ஒப்புதல் கேட்பதே பயனற்றது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

எனவே, எங்கள் முன்மொழிவை எந்தெந்தத் துறையினர் பார்ப்பார்கள் என்று எங்கள் தொடர்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, அவரவருக்குரிய தாள்களைத் தனித்தனியாக அனுப்பினேன். தரக்கட்டுப்பாட்டினருக்கு ஆடையில் உடைந்த ஊசித்துண்டு எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையின் பதிவுகளும், 24 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் ஆடைகளுக்கு அந்நாட்டுச் சட்டம் கட்டுப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் பற்றிய ஆய்வக அறிக்கையும் சென்றன. கொள்முதல் பிரிவினருக்கு விலை விவரம் மட்டும். கூட்டத்தில் அவர்கள் மௌனமாக இருக்கும்போது, அது யோசிக்கும் நேரம் என்று கருதிக் காத்திருந்தேன். இதுவே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பேசியவற்றை அன்றே எழுதி அனுப்பினேன். சாயமேற்றுவதில் தாமதம் ஏற்படும் என்று தெரிந்தால், காரணத்தையும் மாற்று ஏற்பாட்டையும் சேர்த்து உடனே தெரிவித்தேன்.

அடுத்த பருவத்துக்கான ஆர்டர் கூட்டத்துக்கு முன்பே உறுதியாகியிருந்தது. கூட்டத்தில் பேக்கிங் பற்றி மட்டுமே பேசினோம்.