பழைய ராலி காரின் பூர்வீகம்: தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்ட் காரைப் பார்க்க நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். "1963இல் ராலி ஓடிய வண்டி, அண்ணா. ஒரே குடும்பத்தில் இருந்திருக்கிறது, நம்பர்கூட மாறவில்லை" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டகைக் கதவைத் திறந்த மாத்திரத்தில் எனக்கு உதைத்தது. வண்டிக்கு நான்கு கதவுகள். ஹெரால்ட் பிறந்தது இரண்டு கதவு வண்டியாக. நான்கு கதவு வடிவம் 1960களின் பிற்பகுதியில் சென்னைத் தொழிற்சாலை நம் ஊருக்கென்றே செய்தது. 1963இல் அப்படியொரு ஹெரால்ட் எந்தச் சாலையிலும் ஓடியிருக்க முடியாது. நண்பர் அதற்குள் முன்பணம் கொடுத்திருந்தார்.

விற்பவர் பொய் சொல்லவில்லை. அப்பா சொன்னதை அவர் சொன்னார். இதுதான் இந்தத் தேடலில் உள்ள சிக்கல். வண்டியின் உடல், அதன் எண், அதன் காகிதம் ஆகிய மூன்றும் ஒன்றாகவே வயதாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். ராலி எனப்படும் சாலைப் போட்டிகளில் ஓடிய வண்டிகளில் அவை அடிக்கடி பிரிந்துபோகும். மரத்தில் மோதிய வண்டியின் காகிதம் இன்னொரு வண்டிக்குப் போயிருக்கும். உடைக்கப் போட்ட வண்டியின் எஞ்சின் எதிரியின் வண்டியில் ஓடியிருக்கும்.

பெரும்பாலானோர் தேடலை நம்பர் பலகையில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். 'டி.என். 43' என்றால் ஊட்டி என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த முறை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு அமைந்தது. அதற்கு முன் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்தான். மதராஸ் மாநில வண்டிகளில் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் எழுத்துகளைப் பார்க்கலாம். 'டி.என்.' என்று தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்த 1969க்குப் பிந்தியவை. ஆகவே 1962 மாடல் வண்டியில் அப்படியொரு எண்ணைக் கண்டால், அது முதல் எண் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு முந்தைய எண்ணைத் தேடத் தொடங்கலாம்.

நீலகிரியில் இது இன்னும் குழம்பும். கூடலூரிலிருந்து ஒரு பக்கம் கேரளம், இன்னொரு பக்கம் கர்நாடகம். வேறு மாநிலத்தில் வண்டியைப் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். வயநாட்டில் வேலை பார்த்துவிட்டுக் குன்னூருக்கு மாறி, பிறகு சிக்மகளூருக்குப் போன ஓர் எஸ்டேட் மேலாளரின் காருக்கு மூன்று எண்கள் இருக்கலாம். மூன்றும் அசல்தான். ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும்.

வெளிநாட்டு வண்டிகளில் கதை தலைகீழ். அங்கே எண் அப்படியே இருக்கும், வண்டி மாறிவிடும். பிரிட்டிஷ் தொழிற்சாலைக் குழுக்களில், ஒரு போட்டியில் நசுங்கிய உடலைக் கழித்துவிட்டு, புது உடலுக்குப் பழைய எண்ணையே மாட்டி அடுத்த போட்டிக்கு அனுப்பியதற்கு எத்தனையோ சான்றுகள் உண்டு. 1964 மாண்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் வென்ற மினி கூப்பரின் '33 ஈ.ஜே.பி.', 1970இல் லண்டன்–மெக்சிகோ ராலியை வென்ற ஃபோர்டு எஸ்கார்ட்டின் 'எஃப்.இ.வி. 1எச்.' போன்ற எண்களுக்கு இன்று தனி மவுசு. பிரிட்டனில் எண்ணை வண்டியிலிருந்து பிரித்து விற்கவும் வழி இருப்பதால், பிரபலமான ஓர் எண் உங்கள் முன் நிற்கிறது என்பது எதற்கும் சாட்சி ஆகாது. பிரிட்டிஷ் எண்ணின் கடைசியில் வரும் 'டி' (D) 1966ஐக் குறிக்கும். ஆனால் அது எண் பதிவான ஆண்டு. அதைச் சுமக்கும் வண்டியின் உடல் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அந்த எழுத்துக்குத் தெரியாது.

உடலைப் பார்க்கும்போது எந்த வகை வண்டி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹெரால்டில் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, அதன் மேல் போல்ட் போட்டு மாட்டிய உடல் தனி. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு வண்டியின் உடலை இன்னொன்றின் மேல் தூக்கி வைத்துவிடலாம். ஃபியட் 1100, அம்பாசடர் போன்றவற்றில் உடலே சேசிஸ். அதை மாற்றினால் வண்டியையே மாற்றியதாகும். இரண்டுக்கும் ஒரே கேள்விகளைக் கேட்பது வீண்.

இனி நான் செய்த தவறு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஃபியட் 1100ஐ வாங்கி, சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டேன். துரு பிடித்திருந்தது. குன்னூர் மூடுபனியில் பிடிக்காமல் என்ன செய்யும்! மணல் அடித்துச் சுத்தம் செய்து, ஓட்டைகளையெல்லாம் வெல்டிங் வைத்து அடைத்து, பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். எனக்கும் பெருமைதான். பிறகு அது ராலி ஓடிய வண்டி என்று ஒரு பெரியவர் சொன்னபோதுதான் அடைத்தவை என்ன ஓட்டைகள் என்று யோசித்தேன். முன்பக்கத்தில் கூடுதல் விளக்குகளுக்கான துளைகள் இருந்தன. அடியில் எஞ்சினுக்குக் காப்புத் தகடு மாட்டிய துளைகள் இருந்தன. டேஷ்போர்டில், ஓட்டுநருக்கு வழி சொல்லும் வழிகாட்டி உட்காரும் பக்கம், தூரத்தைக் கணக்கிடும் ஹால்டா கருவி உட்காரும் அளவில் ஒரு வெட்டு இருந்ததாக ஞாபகம். ஞாபகம்தான், படம் இல்லை. காகிதத்தைத் திருத்தலாம், எண்ணைத் திரும்ப அடிக்கலாம், ஆனால் நாற்பது ஆண்டுத் துருவோடு ஒரு துளையை யாராலும் போலியாகச் செய்ய முடியாது. அந்தச் சாட்சியை நானே காசு கொடுத்து அழித்தேன்.

ஆகவே பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், தகட்டின் ரிவெட்டுகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அடித்திருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பழைய கோடுகள் பென்சிலுக்குத் தெரியும். கதவு ஓரத்தில் சுரண்டி, பெயின்ட் எத்தனை அடுக்கு, எந்த வரிசையில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்துக்கு வருவோம். கையில் இருக்கும் ஆர்.சி. நகல் ஆர்.சி.யா என்று பாருங்கள். தொலைந்ததற்குப் பதிலாக வாங்கியதில் பழைய புத்தகத்தின் பெயர் மாற்றப் பக்கங்கள் இருக்காது. கார்டு வடிவ ஆர்.சி.யில் இன்றைய உரிமையாளர் எத்தனையாவது ஆள் என்று இருக்குமே தவிர, முன்னவர்கள் யார் என்று இருக்காது. முதலில் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்து நகல் கேட்க வேண்டும். 'பி எக்ஸ்ட்ராக்ட்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். கணினியில் வண்டி இல்லை என்றவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். கையால் எழுதிய காலத்துப் பதிவுகளில் பல, யாராவது விண்ணப்பித்த பிறகே கணினிக்குள் ஏறுகின்றன.

2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' வரிசையில் பதிவு செய்தால் பூர்வீகமே உறுதியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது வண்டியின் வயதுக்கான ஏற்பாடு. ராலி ஓடியதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஏற்கனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. அவசரப்பட்டு எண்ணைக் கைவிடாதீர்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. பழைய போட்டி வண்டிகளுக்குத் தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டும் இப்படித்தான். வண்டி அந்தக் காலத்து விதிகளின்படி அமைந்திருக்கிறது என்று சொல்லும், இன்னார் ஓட்டியது என்று சொல்லாது.

புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கதவில் உள்ள வட்டத்துக்குள் இருப்பது அந்த ஒரு போட்டிக்கான எண். அடுத்த மாதம் அதே எண் வேறொருவருடையது. பங்கேற்றோர் பட்டியலையும் பதிவு எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் படத்தை நம்ப வேண்டாம். 1968 லண்டன்–சிட்னி மாரத்தானில் ஓடிய கார் எங்கள் மலையில் இருப்பதாக இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 98 கார்கள் கிளம்பிய போட்டி அது. தாக்குப்பிடித்தவை டில்லி வழியாகப் பம்பாய் வந்து, அங்கிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போய்விட்டன. ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை அவை பார்க்கவே இல்லை.

கோத்தகிரி ஹெரால்டை நண்பர் வாங்கிவிட்டார், பாதி விலைக்கு, நான்கு கதவு ஹெரால்ட் என்றே. வண்டியை வெளியே தள்ளியபோது, கொட்டகையின் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு கார் கதவு கண்ணில் பட்டது. கோழிக்கூண்டுக்கு மறைப்பாக இருந்திருக்கிறது. நான்கு கதவு வண்டியினுடையதைவிட நீளம். பாசியைத் துடைத்தால் ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் '7' அல்லது '17'. அந்தக் காலத்துப் பங்கேற்பாளர் பட்டியல்களைச் சென்னையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டிருக்கிறோம்.