உயர்கல்விக்கு 18 பில்லியன்: பிள்ளையின் கைக்கு வருவதைக் கணக்குப் போடுவது எப்படி?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் அக்டோபர் மாதம் பட்ஜெட் வாசித்த மறுநாள் பேச்சு ஒரே எண்ணைச் சுற்றித்தான்: உயர்கல்விக்கு இத்தனை பில்லியன். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு வருவது எது, வராதது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், யூபியூ (அரசாங்க உயர்கல்விக்கூட நுழைவு) முடிவு வந்த பிறகு ஓடும் ஓட்டம் பாதியாகக் குறையும்.

மலேசியாவின் 2025 பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 421 பில்லியன் வெள்ளி. கல்வி அமைச்சுக்கு 64.1 பில்லியன், உயர்கல்வி அமைச்சுக்கு 18 பில்லியன். இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் எல்லாம் முதலாவதில் அடங்கும். பல்கலைக்கழகமும் பாலிடெக்னிக்கும் இரண்டாவதில். ஆக, பட்ஜெட்டில் நூறு வெள்ளி செலவானால் உயர்கல்விக்குப் போவது நான்கு வெள்ளி சொச்சம். அதே ஆண்டில் அரசாங்கம் தன் கடனுக்குக் கட்டும் வட்டி 54.7 பில்லியன், அதாவது உயர்கல்வியைப் போல மூன்று மடங்கு. பல்கலைக்கழகத்துக்குப் பணம் ஏன் போதவில்லை என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியை.

பேச்சில் வரும் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். நிதி அமைச்சின் இணையத்தளத்தில் ‘அங்காரான் பெர்பெலாஞ்சாஆன் பெர்செகுத்துவான்’ (கூட்டரசுச் செலவு மதிப்பீடு) என்ற புத்தகம் இலவசமாகக் கிடைக்கும். அதில் உயர்கல்வி அமைச்சின் பகுதிக்குப் போய் இரண்டு சொற்களைத் தேடுங்கள். ‘மெங்குருஸ்’ என்றால் நடைமுறைச் செலவு: சம்பளம், மின்சாரம், பல்கலைக்கழகங்களுக்கான மானியம். ‘பெம்பாங்குனான்’ என்றால் மேம்பாட்டுச் செலவு: கட்டடம், கருவிகள். மேம்பாடு கூடி, நடைமுறை மானியம் அப்படியே நின்றால் புதுக் கட்டடம் எழும்பும், விரிவுரையாளர் கூடமாட்டார். முந்தைய ஆண்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றை எண் எதையும் சொல்லாது.

பிள்ளைக்குப் பணம் வந்து சேரும் வழிகள் மூன்று. முதல் வழி கண்ணுக்குத் தெரியாது. 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் செலவில் சுமார் 90 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்கிறது என்று 2015–2025 உயர்கல்விப் பெருந்திட்டம் கூறியது. அங்கே கட்டணம் குறைவாக இருப்பதன் காரணம் அதுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு அரசாங்கம் தரும் மிகப் பெரிய உதவியும் இதுவே. அதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது, இடம் கிடைத்தால் போதும். அதனால்தான் எஸ்பிஎம் தேர்வு முடித்ததும் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஆறாம் படிவத்தையும் மெட்ரிகுலேஷனையும் நிதானமாக யோசியுங்கள் என்கிறோம்.

இரண்டாவது வழி வரி விலக்கு. எஸ்எஸ்பிஎன் என்ற உயர்கல்விச் சேமிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை விலக்கு உண்டு. ஆனால் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத பால்மரத் தொழிலாளிக்கு இதில் ஒரு காசு மிச்சமில்லை. இதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் பணம்தான். இன்னும் கீழே இருப்பவருக்குச் சேர வேண்டியது என்பதே எங்கள் கருத்து.

மூன்றாவது, பிடிபிடிஎன். 1997-இல் தொடங்கிய இந்தக் கடன் நிதி பெரும்பாலும் அரசாங்க உத்தரவாதத்தோடு வெளியில் கடன் வாங்கித்தான் மாணவருக்குத் தருகிறது. அங்கே கட்டும் வட்டிக்கும் மாணவரிடம் வாங்கும் 1 விழுக்காட்டுக்கும் உள்ள இடைவெளி அரசாங்கத்தின் சுமை. பிடிபிடிஎன் தருவது உதவித்தொகை அல்ல, கடன். ஆகவே கையெழுத்துக்கு முன் கணக்குப் போடுங்கள்.

உதாரணத்துக்கு ஆண்டுக்கு 6,000 வெள்ளி, நான்கு ஆண்டு: 24,000. ஆண்டுக்கு 1 விழுக்காடு என்றால் 240 வெள்ளி. 15 ஆண்டில் கட்டினால் கூடுதல் 3,600, மொத்தம் 27,600, மாதம் சுமார் 153 வெள்ளி. 10 ஆண்டில் கட்டினால் கூடுதல் 2,400தான், ஆனால் மாதத் தவணை 220. முதல் வேலையின் சம்பளத்தில் எது தாங்கும் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். தவணை தவறினால், வங்கிகள் பார்க்கும் கடன் பதிவேடான சிசிஆர்ஐஎஸ்-இல் பதிவு ஏறும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

விண்ணப்பத்தில் அதிகம் தவறுவது குடும்ப வருமானத்தில்தான். எஸ்டிஆர் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ரொக்க உதவி) பெறும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதிகபட்சக் கடன் கிடைக்கும். நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு அதில் 75 விழுக்காடு, மேல்தட்டுக்கு 50. வீட்டில் சம்பளம் குறைவு, ஆனால் அப்பா எஸ்டிஆர் பதிவைப் புதுப்பிக்கவில்லை என்றால், தகுதி இருந்தும் கடன் குறைந்துபோகலாம். பிள்ளை ஐந்தாம் படிவம் படிக்கும்போதே எஸ்டிஆர் விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள். தோட்டத்தில் சம்பளச் சீட்டு ஒழுங்காக வராவிட்டால், ஆபீஸ் கிராணியிடம் வருமான உறுதிக் கடிதம் கேட்டு வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் கணக்கையும் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். அது இல்லாமல் கடன் விண்ணப்பம் நகராது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த எஸ்டிஆர் குடும்பத்துப் பிள்ளைக்கு 1,500 வெள்ளி முன்பணம் உண்டு. பதிவுக் கட்டணம், பஸ், மெத்தை, பாத்திரம் என்று முதல் வாரச் செலவுக்கு அதுதான் கை கொடுக்கும். ஆனால் பதிவு நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பின்னால் கடனில் கழித்துக்கொள்வார்கள். தெரியாமலேயே நாள் கடத்திவிட்டு வட்டிக்காரரிடம் போகும் குடும்பங்கள் உண்டு. அந்த நிலை வேண்டாம்.

படிக்கும்போது சராசரி மதிப்பெண் 2.00-க்குக் கீழே இறங்கினால் கடன் பணம் நிற்கும். முதல் வகுப்பில் தேறினால் கடன் விலக்கு கேட்கலாம், அது தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும், நிபந்தனைகளும் காலக்கெடுவும் உண்டு.

இதற்கும் மேல் பணம் தேவைப்பட்டால் பெற்றோரின் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இருக்கிறது. 2024 மே முதல் மூன்றாகப் பிரிந்த கணக்கில், ‘செஜாதெரா’ பகுதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்கு எடுக்கலாம். முதுமைக்கு வேறு ஆதாரம் இல்லாதவர் இதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

இனி கேட்க வேண்டியவரிடம் கேட்பது. பட்ஜெட் வாசித்த பிறகு அமைச்சு வாரியாகச் செயற்குழு நிலை விவாதம் நடக்கும். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அதற்கு முன்பே எழுத்தில் கொடுத்தால் கேள்வியாகப் போக வாய்ப்புண்டு. “இந்தியர்களுக்கு அதிகம் ஒதுக்குங்கள்” என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். “1,500 வெள்ளி முன்பணம் இந்த ஆண்டு எத்தனை விண்ணப்பதாரருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, காரணம் என்ன?” என்று எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர், ஐசி எண் எதையும் கடிதத்தில் சேர்க்காதீர்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.