கோனியோமீட்டரால் முட்டியை அளப்பது: புதிய ஃபிசியோக்களுக்கு

முட்டி மாற்று அறுவை முடிந்த ஒருவரை முதல்முறை பார்க்கப் போகிறீர்கள். கையில் கோனியோமீட்டர் இருக்கிறது, அதாவது நடு அச்சில் இணைந்த இரண்டு நீளக் கைகளால் மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி. ஆனால் எங்கே வைப்பது, எப்படிப் படிப்பது என்பதில் தயக்கம். இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

கருவியை எடுப்பதற்கு முன் கெண்டைக்காலைப் பாருங்கள். வீக்கம் திடீரென்று கூடி, அழுத்தினால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். காய்ச்சலோ தையலில் சீழ்க்கசிவோ இருந்தாலும் அன்றைக்கு அளவு வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அதெல்லாம் இல்லையா? சரி, கெட்டியான கட்டிலில் மல்லாந்து படுக்க வையுங்கள். முட்டிக்கு அடியில் ஒரு தலையணை இருக்கும், பாசத்தோடு மகளோ மருமகளோ வைத்தது. அதை எடுத்துவிட்டுக் குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டை வையுங்கள். முட்டியின் பின்புறம் எதன்மீதும் படக்கூடாது.

அடுத்தது எலும்புகளைத் தேடுவது. அவசரப்படக்கூடாத இடம் இதுதான். அனுமதி கேட்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் துணியை விலக்குங்கள். நைட்டிக்கு மேலே வைத்து எடுப்பது அளவில்லை, ஊகம். இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்து, மறுகையால் காலை மெதுவாக உள்ளும் வெளியுமாக உருட்டினால் உள்ளங்கைக்கு அடியில் ஒரு மேடு புரளும். அதுதான் கிரேட்டர் ட்ரோகாண்டர், தொடை எலும்பின் மேல்முனையிலுள்ள வெளிப்புற மேடு. பருமனான உடம்பிலும் இப்படித் தேடினால் அகப்பட்டுவிடும். முட்டியின் வெளிப்புறத்தில் தொடை எலும்பின் கீழ்முனை மேடு லேட்டரல் எபிகாண்டைல், கணுக்காலின் வெளிப்புறத்தில் துருத்தும் எலும்பு லேட்டரல் மல்லியோலஸ். மூன்றிலும் பேனாவால் புள்ளி வையுங்கள். கருவியின் நடு அச்சு எபிகாண்டைலில், அசையாத கை ட்ரோகாண்டரை நோக்கி, அசையும் கை மல்லியோலஸை நோக்கி.

முதலில் நீட்டலை அளங்கள். எல்லோரும் மடக்கத்தின் பின்னால்தான் ஓடுகிறோம். “எத்தனை டிகிரி மடங்குது?” என்றுதான் நோயாளியும் கேட்பார். ஆனால் முழுதாக நீளாத முட்டியோடு நடந்தால் காலைச் சாய்த்துத்தான் நடக்க வரும், தொடைத்தசையும் சீக்கிரம் களைத்துவிடும். தளர்வாக இருக்கும்போது எவ்வளவு நீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காலை நீட்டியபடியே தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் நீட்டினால் 0 வரை வருகிறது, அவராகத் தூக்கும்போது 10 டிகிரி குறைகிறது என்றால் அது எக்ஸ்டென்ஷன் லேக். அங்கே வேலை தொடையின் முன்தசையான குவாட்ரிசெப்ஸில். நீங்கள் முயன்றும் நீளவில்லை என்றால் பிரச்சினை வேறு: மூட்டின் இறுக்கமோ வீக்கமோ வலியோ.

பிறகு மடக்கம். குதிகாலைக் கட்டிலிலேயே தேய்த்துப் பிட்டத்தை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். அவராக வரும் எல்லையைக் குறித்த பின்பே உங்கள் கையால் மெல்லக் கூட்டிப் பாருங்கள். முகத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள், மூச்சைப் பிடித்தால் நிறுத்துங்கள். இடுப்பு கட்டிலைவிட்டு எழும்பினாலும் அந்த அளவு செல்லாது.

குனிந்து, கண்ணை அச்சின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். பல கருவிகளில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவறான வரிசையைப் படித்து, 60 டிகிரி மடங்கிய முட்டிக்கு 120 என்று எழுதினேன். மறுநாள் சீனியர் அந்தத் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கால் நேராக இருக்கும்போது 0 காட்டும் வரிசை எது என்று முதலில் பார்த்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

கேஸ் ஷீட்டில் “மடக்கம் பரவாயில்லை” என்று எழுதாதீர்கள். “வலது முட்டி, மல்லாந்த நிலை, தானாக 8 முதல் 85, உதவியோடு 5 முதல் 92, வலி 4/10” என்று இருந்தால் நாளை வேறொருவர் பார்த்தாலும் புரியும். 5 டிகிரிக்குள் வரும் வித்தியாசம் கருவியும் கையும் செய்கிற வேலையாகவே இருக்கலாம். 92 நாளைக்கு 95 ஆனதற்கு இனிப்பு கொடுக்க வேண்டாம். முடிந்தால் அதே ஆள், அதே கருவி, அதே நிலையில் அளக்கட்டும்.

சமதளத்தில் நடக்க 60 முதல் 70 டிகிரி மடங்கினால் ஓரளவு போதும். நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து எழ 90-க்கு மேல் வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார அதைவிட நிறைய வேண்டும். செயற்கை முட்டியோடு அப்படி உட்காரலாமா என்பதைச் சர்ஜனிடம் கேட்டுவிட்டுத்தான் நோயாளியிடம் பேச வேண்டும்.

கிளம்பும் முன் அறுவை செய்யாத காலையும் அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தக் கால் 115-இல் நின்றுவிடுகிறது என்றால், அறுவை செய்த காலிடம் 135 கேட்டு நோயாளியை வாட்ட வேண்டியதில்லை.