காகிதம் சுற்றிய ஆறு பாட்டில்: நண்பர்களோடு சிவப்பு ஒயின் சுவைப்பது எப்படி

மதுரையில் ஒயின் என்றதும் பலருக்கு நினைவு வருவது கிறிஸ்துமஸுக்குத் தெரிந்த வீட்டிலிருந்து வரும் தித்திப்பான திராட்சை ஒயின், இல்லாவிட்டால் போர்ட் ஒயின் என்ற பெயரில் கடையில் கிடைக்கும் இனிப்புச் சரக்கு. அதையே குடித்துப் பழகியவர் கையில் ஷிராஸ் என்ற திராட்சையில் செய்த நல்ல சிவப்பு ஒயின் ஒன்றை ஊற்றிக் கொடுங்கள். முதல் வாய்க்கு முகம் சுளிப்பார், பாட்டிலைத் திருப்பி விலையைப் பார்ப்பார், விலை கூடுதல் என்று தெரிந்ததும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 2008-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஒயினை 10 டாலர் என்று ஒரு தடவையும் 90 டாலர் என்று இன்னொரு தடவையும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள், மூளை ஸ்கேனிலும் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது. விலையைக் கேட்டதும் நாக்கு மாறிவிடுகிறது. அதனால்தான் பாட்டிலை மூடி வைத்துச் சுவைக்கச் சொல்கிறேன். யார் பெரிய ரசிகர் என்று பரீட்சை வைக்க இல்லை, உங்களுக்கு எது பிடிக்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ள.

முதலில் ஆட்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும், எல்லோரும் 21 வயது தாண்டியவர்கள். ஆறு பாட்டில் வேண்டும், ஆனால் ஆறு வகை வேண்டாம். ஐந்து வகை வாங்கி, அதில் ஏதாவது ஒன்றை மட்டும் இரண்டு பாட்டிலாக வாங்குங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கண்டதையும் கலக்காமல் ஒரு கோட்டில் நில்லுங்கள்: ஐந்தும் ஷிராஸ், அல்லது ஐந்தும் கேபர்னே சாவிஞ்யோன் என்ற இன்னொரு திராட்சை, அல்லது ஐந்தும் ஏறக்குறைய ஒரே விலை. நாசிக்கின் சூலா, பெங்களூர் நந்தி மலை அடிவாரத்து குரோவர், சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜின் ஃபிராடெல்லி, இவற்றோடு ஆஸ்திரேலியாவோ சிலியோ ஒன்று சேர்ந்தால் நல்ல வரிசை. டாஸ்மாக் எலைட் கடையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரியிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவரும் யோசனை வேண்டாம், வீண் வம்பு. இனிப்பு ஒயினை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அதற்கு அடுத்து வருவது எல்லாம் கசக்கும்.

கணக்கு எளிது. ஒரு ஆளுக்கு ஒரு ஒயினில் 40 மில்லி. எட்டுப் பேருக்கு 320, இரண்டாம் சுற்று ஊற்றினாலும் 640, பாட்டில் 750. ஆனால் ஆறு ஒயினும் ஒரு சுற்று விழுங்கினாலே 240 மில்லி ஆகிவிடும், 13 சதவீத ஒயின் என்றால் அது இரண்டு ஸ்மால் பெக் பிராந்தியைத் தாண்டும். நான்காவது கிளாஸில் நாக்கு மரத்துப்போன ஆள் சொல்லும் கருத்துக்கு மதிப்பில்லை. எனவே துப்ப வேண்டும். நம் ஊரில் நாலு பேர் முன்னால் துப்புவது அசிங்கம் என்று கூச்சப்படுவார்கள், உயரமான பேப்பர் கப் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் கூச்சம் போய்விடும். என் நண்பர் வீட்டில் பரண் மேலிருந்து தாத்தாவின் பித்தளைப் படிக்கத்தை இறக்கிக் கழுவி நடுவில் வைத்தார்கள். வெற்றிலைக்கு வாங்கியது ஒயினுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

மூடும் வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் ஒரு அறையில் பாட்டில்களைத் திறந்து, கழுத்தில் இருக்கும் தகட்டை முழுக்க உரித்து, கார்க்கையும் மூடியையும் பையில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் கழுத்து வரை நியூஸ்பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போடட்டும். அவர் வெளியே வந்த பிறகு இரண்டாம் ஆள் உள்ளே போய், வரிசையைக் கலைத்து, 1 முதல் 6 வரை மார்க்கரில் எண் எழுதட்டும். இப்போது எந்த எண்ணில் எந்த ஒயின் என்று அந்த இருவருக்குமே தெரியாது, அவர்களும் சேர்ந்து சுவைக்கலாம். ஒரு பாட்டில் தோள் அகன்றும் இன்னொன்று சரிவாகவும் இருந்தால் காகிதத்துக்கு மேலேயே ஆள் அடையாளம் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கண்ணாடித் தண்ணீர் பாட்டில்களில் மாற்றி ஊற்றிவிடுங்கள்.

கிளாஸ் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வாய் கொஞ்சம் குறுகலாக இருந்தால் நல்லது. கழுவுவதில்தான் கவனம். போர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தால் உப்புப் படிந்து வெள்ளையாகக் கறை நிற்கும், பாத்திரம் விளக்கும் சோப்பின் எலுமிச்சை வாசனை உள்ளேயே தங்கும். கடைசி அலசல் கேன் தண்ணீரில் செய்யுங்கள். துடைக்கும் துணியை முதலில் மோந்து பாருங்கள்.

அடுத்தது மல்லிகை. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் மணத்துக்கு நான் அடிமை, ஆனால் ஒரு முழம் பூ இருக்கும் இடத்தில் எந்த ஒயினின் வாசனையும் மூக்கில் ஏறாது. வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பூவைக் கழற்றிக் கீழே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வரட்டும், செண்ட் வேண்டாம், சாயங்கால விளக்கு ஏற்றிய ஊதுபத்தி அணைந்திருக்கட்டும், அடுப்பில் தாளிப்பு இருக்கக் கூடாது. எங்களுக்குத் தோதாக அமைந்தது மொட்டை மாடி, தை மாத இரவு. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

வெப்பநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. "சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்" என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சித்திரை மாதம் ராத்திரியிலேயே 30 தாண்டும், அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் குத்தும். ஒன்றரை மணி நேரம் போல ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, பிறகு காகிதம் சுற்றுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்துவிட்டால் கவலை இல்லை, கிளாஸைக் கையில் பொத்திப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

இப்போது நாக்கு. ஒயின் பற்றி எழுதுகிறவர்கள் பிளாக் கரண்ட், ராஸ்பெரி, சீடர் மரம் என்று அடுக்குவார்கள். பிளாக் கரண்டை நம்மில் எத்தனை பேர் செடியிலிருந்து பறித்துத் தின்றிருக்கிறோம்? நமக்கு இதில் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது, அது துவர்ப்பு. ஆறு சுவையில் ஒன்றாக எண்ணி, பெயர் வைத்து, பாக்கிலும் வாழைப்பூவிலும் மாதுளைத் தோலிலும் கடுக்காயிலும் பிள்ளைப் பருவம் முதல் பழகியது. சிவப்பு ஒயினின் முதுகெலும்பே அதுதான். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பு போய் வாய் இழுக்கும். வந்தவுடன் ஆளுக்கு ஒரு கம்பம் பன்னீர் திராட்சை கொடுத்து இதைக் காட்டலாம். முதலில் சதையை மட்டும் உறிஞ்சுங்கள், இனிப்பும் புளிப்பும். பிறகு தோலைத் தனியாக மென்று, கடைசியில் கொட்டையைக் கடியுங்கள். கன்னத்தின் உட்புறம் சுருங்குகிறதே, அதைத்தான் இன்றைக்குத் தேடப் போகிறோம். புளிப்புக்கு அடையாளம் வேறு: எச்சில் வறளாது, நாக்கின் ஓரங்களில் ஊறும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாசனைக்கும் நம் சொற்களே போதும். நாவற்பழம், கிராம்பு, கருப்பட்டி, புகையிலை, முதல் மழை விழுந்த மண். ஷிராஸில் சில சமயம் அச்சு அசலாக மிளகு வாசம் அடிக்கும். அது கற்பனை இல்லை, மிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியாது என்பதும் அதே ஆய்வில் வந்தது. எனவே பக்கத்தில் இருப்பவர் "மிளகு அடிக்குது" என்று சொல்லி உங்களுக்கு எட்டவில்லை என்றால் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள். கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாயை அறுத்த வாசம் வரலாம். அமெரிக்க ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் தேங்காய் வாசம்கூட வரும்.

குடிக்கும் முறை இதுதான். ஒரு வெள்ளை வேட்டியை மேசை மேல் விரித்து, அதற்கு மேலே கிளாஸைச் சாய்த்து நிறத்தைப் பாருங்கள், விளிம்பு ஊதாவாக இருந்தால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயது ஆகியிருக்கும். ஆட்டாமல் ஒரு தடவை மோந்து, சுழற்றி மறுபடி மோந்து, ஒரு தேக்கரண்டி அளவு வாயில் விட்டு ஐந்தாறு விநாடி எல்லாப் பக்கமும் உருட்டித் துப்புங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நடுநடுவே தண்ணீரும் பொரியும். காராச்சேவு, மிக்சர், முறுக்கு எதையும் கண்ணில் காட்ட வேண்டாம், உப்பும் காரமும் போட்டால் கதை முடிந்தது. உப்பில்லாத வெறும் பொரியை விட நல்ல துடைப்பம் நாக்குக்குக் கிடையாது.

நிறமே ஏமாற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2001-ல் பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், அவர்களும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எழுதினார்கள். படித்தவர்களுக்கே அப்படி. விருப்பம் இருந்தால் ஒரு சுற்றை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யலாம்.

எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் கறாராக வையுங்கள், ஏனென்றால் "ஆகா" என்று முதலில் ஒருவர் சொல்லிவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் அது ஆகாவாகவே தெரியும். நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண் வேண்டாம், ஆறையும் பிடித்த வரிசையில் எழுதட்டும். பாதிப் பேர் 1-லிருந்து 6-க்கும், மீதிப் பேர் 6-லிருந்து 1-க்கும் போகட்டும், இல்லாவிட்டால் களைத்த நாக்கில் விழும் கடைசி ஒயினுக்கு அநியாயம் நடக்கும். ஒரு ஜோடி ஒரே ஒயின் என்று முன்பே சொல்லி, எந்த ஜோடி என்று காகிதத்தின் அடியில் எழுதச் சொல்லுங்கள். இரட்டைப் பாட்டில் அதற்குத்தான். அந்த இரண்டையும் ஒருவர் பக்கத்துப் பக்கத்து இடத்தில் வைத்தால் அவர் வரிசையை நம்பலாம், ஒன்றை முதலிலும் மற்றதைக் கடைசியிலும் வைத்தால் அன்றைக்கு அவர் நாக்கு நிதானத்தில் இல்லை.

திருநகரில் நாங்கள் செய்தபோது இரட்டை 3-லும் 5-லும் விழுந்தது. எட்டுப் பேரில் இருவர்தான் சரியாகச் சொன்னார்கள். நான் 5-ஐ இரண்டாம் இடத்திலும் 3-ஐ ஐந்தாம் இடத்திலும் வைத்திருந்தேன், ஏன் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன், 3-ஐக் குடிக்கும்போது ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்பது தவிர வேறு காரணம் எட்டவில்லை. சரியாகச் சொன்ன இருவரில் ஒருவர் நண்பரின் அக்கா. அதற்கு முன் ஒயின் பக்கமே வராதவர், ஒவ்வொரு வாயையும் துப்பியவர். "தம்பி, மூணும் அஞ்சும் ஒண்ணுதான். ரெண்டும் கொட்டப்பாக்கு மாதிரி மேல் ஈறுலயே புடிக்குது, மத்ததெல்லாம் நாக்குல புடிக்குது" என்றார். எனக்குத் தெரிந்து அதைவிடத் துல்லியமான சுவைக் குறிப்பை யாரும் எழுதியதில்லை.

சில பாட்டில் கெட்டுப்போயிருக்கும், அதைப் பிடிக்கத் தெரிய வேண்டும். நனைந்த சாக்கு, ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டி போன்ற வாசம் வந்தால் அது கார்க்கிலிருந்து வந்த கோளாறு. நம் ஊரில் அதைவிட அதிகம் வெயில் செய்யும் வேலை. ஒரு கடையில் கண்ணாடி அலமாரியில் மேற்கு வெயில் படும்படி நின்ற பாட்டிலை அவசரத்தில் வாங்கி வந்தோம், கார்க் லேசாக வெளியே தள்ளியிருந்ததைக் கவனிக்கவில்லை, ஊற்றினால் பழமே இல்லை, வேகவைத்த பேரீச்சம்பழத் தண்ணீர் போல இருந்தது. அப்படி வந்தால் வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள், ஒயின் மேல் பழி போடாதீர்கள். கடையில் உள்பக்கம், இருட்டில், படுக்க வைத்த பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

திறப்பதைக் கடைசி இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் கொடுத்த இடங்களைக் கூட்டினால் குறைந்த கூட்டுத்தொகை உள்ளது முதலிடம். ஒவ்வொரு காகிதத்தையும் பிரிக்கும் முன் எந்த ஊர் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் இதே மாதிரி பெயரை மறைத்துச் சுவைத்தபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கேபர்னேக்கு முதலிடம் கொடுத்தார்கள், போர்தோவின் பெரிய பெயர்கள் எல்லாம் அதற்குப் பின்னால். நம் மாடியிலும் நாசிக் பாட்டில் வெளிநாட்டுப் பாட்டிலுக்கு மேலே ஏறலாம், ஏறாமலும் போகலாம், எதுவானாலும் காகிதத்தில் எழுதியதை அழித்துத் திருத்த யாரையும் விடாதீர்கள்.

அதற்குப் பிறகு சாப்பாடு. கறிதோசையும் சுக்காவும் வரவழைத்து, பிடித்த ஒயினை அதோடு இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள், ஆட்டுக்கறிக் கொழுப்புக்கு முன்னால் துவர்ப்பு அடங்கி நிற்பது நன்றாகத் தெரியும், மிளகாய்க் காரம் கூடினால் அதே ஒயின் எரிச்சல் மூட்டும் என்பதும் தெரியும். துப்பியிருந்தாலும் வண்டியை எடுக்க வேண்டாம், ஆட்டோ சொல்லிவிடுங்கள். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், எண் எழுதிய காகிதத்தை மட்டும் எறியாமல் மறுபடி பாட்டிலிலேயே சுற்றிவையுங்கள். மறுநாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து அந்த இரட்டையில் ஒரு வாய் மறுபடி குடித்துப் பார்க்கத் தோன்றும்.