பாஷில் ஊர்ப்பெயர்

கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தேங்காய் மண்டிக்கு ஊர்வாரிக் கணக்கு. 'வேலந்தாவளம்=250' என்று எழுதினால், கணினியில் கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றது. மதிப்பைச் சேமித்துவைக்கும் மாறியின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். மதிப்பில் தமிழுக்குத் தடையில்லை.

2009இல் வந்த பாஷ் 4 முதல் 'டிக்ளேர்' கட்டளையில் பெரிய ஏ போட்டு அறிவிக்கும் அணியில், மதிப்பைத் தேடி எடுக்க உதவும் சாவியும் தமிழில் இருக்கலாம். அணிக்கு ஆங்கில எழுத்தில் பெயர், சதுர அடைப்புக்குள் ஊர். வேலை முடிந்தது என்று பார்த்தால், "ஏண்டா, நம்மூரு மட்டும் ரெண்டு தடவ வருது?" என்றார் மாமா.

'கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே யூனிகோட் குறியாகவும் வரும், தனித்தனிக் குறிகளாகவும் வரும். கண்ணுக்கு ஒன்று, பாஷுக்கு இரண்டு சாவி. இந்த வில்லங்கம் 'பொள்ளாச்சி'க்கும் உண்டு. கோப்பை முதலில் ஐசியூ என்ற யூனிகோட் நூலகத்தின் 'யூகான்வ்' கருவி வழியாக, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன். இரண்டு வரியும் ஒன்றாகிவிட்டன.