புதிதாகப் பொறுப்பேற்கும் தாசில்தாருக்கு: ஆபீசில் யோசனை பிறக்க என்ன செய்யலாம்

வருவாய்த் துறையில் 33 வருஷம் வேலை பார்த்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றேன். பாதிக்கு மேல் ஆந்திர எல்லையை ஒட்டிய தாலுகாக்களில்தான். என்னிடம் வேலை கற்ற பிள்ளைகள் இன்று டெபுடி தாசில்தாராகவும் தாசில்தாராகவும் இருக்கிறார்கள். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே குறைதான்: "ஸ்டாஃப் யாரும் புதுசா எதையும் யோசிக்க மாட்டேங்கிறாங்க மேடம்." அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவர்கள் யோசிக்காமல் இல்லை. சொல்வதைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அலுவலக உதவியாளர். திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரம் 1960 ஏப்ரல் 1-இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் வந்தது. ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டான பசலிக் கணக்கில் அது 1369. அதற்கு முந்தைய பத்திரங்களும் நிலக் கணக்குகளும் பலவும் தெலுங்கில் இருக்கும். அந்த எல்லையோரத்தில் ஒரு ஆபீசில் நான் சேர்ந்த மூன்றாவது வாரம், எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் நாலாய் மடித்த பழைய தெலுங்குப் பத்திரம். மடிப்பில் காகிதம் கிழிந்து, உள்பக்கம் செல்லோ டேப் ஒட்டி, டேப்பும் பழுத்திருந்தது. பட்டாப் பிரிவில் நாலு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "தமிழ்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்பதுதான் பதில். எழுதித் தருபவர் கேட்ட காசு அவரிடம் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு டீ கொண்டுவந்த உதவியாளர், பெரியவரின் தோளுக்குப் பின்னால் நின்றபடி வாய்க்குள் அதை வாசித்துக்கொண்டிருந்தார். "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். "எங்க வீட்டுல தெலுங்குதாம்மா. ஆறாவது வரைக்கும் அந்தப் பக்கம்தான் படிச்சேன்" என்றார். வாசிக்கச் சொன்னேன். 'செருவு கிந்த மாகாணி' என்று ஒரு வரி வந்தது. பட்டாப் பிரிவு எழுத்தர் உடனே, "மாகாணின்னா பதினாறுல ஒரு பங்கு மேடம்" என்றார். உதவியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இல்லீங்க, தெலுங்குல மாகாணின்னா நஞ்சை. ஏரிக்குக் கீழ இருக்கிற நஞ்சைன்னு எழுதியிருக்கு."

சர்வே நம்பர் கிடைத்தது. யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் பெரியவரின் மனு நகர்ந்தது. அந்த உதவியாளர் அதே ஆபீசில் பதினோரு வருஷமாக இருந்தார். ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவராகச் சொல்லவும் இல்லை, ஏனென்றால் அவர் வேலை டீயும் தபாலும். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே, பொறுப்பேற்றதும் மீட்டிங் போட்டு "எல்லாரும் ஐடியா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். டெபுடி முன்னால் எழுத்தர் பேச மாட்டார், எழுத்தர் முன்னால் தலையாரி பேச மாட்டார். முதல் இரண்டு வாரம், மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் மனுதாரர் பெஞ்சில் போய் உட்காருங்கள். மின்விசிறி எட்டாத இடம் எது, எந்த ஜன்னலில் ஆள் நகரவே இல்லை, யார் யாரிடம் வழி கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்த வாரம் யாரை மூணாவது தடவை திருப்பி அனுப்பினோம்? ஏன்?" புது யோசனை இருக்கிறதா என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். இதற்குப் பதில் எல்லோரிடமும் இருக்கும். அந்தப் பதிலுக்குள்ளேதான் யோசனை ஒளிந்திருக்கும். தலையாரியையும் இரவுக் காவலரையும் விட்டுவிடாதீர்கள். மனுதாரர் மனசுவிட்டுப் பேசுவது அவர்களிடம்தான்.

அடுத்தது பயம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊழியர் புதிதாக ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்பவர்கள், ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(பி) என்ற பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்கியவரின் வீட்டைப் பார்த்ததில்லை. குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது. விசாரணை முடிய வருஷக்கணக்கில் ஆகும். பழைய வழியிலேயே வேலை தாமதமானால் யாரும் கேட்பதில்லை. புது வழியில் ஒரு தப்பு நடந்தால் "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று கேட்பார்கள். இது தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயம்தான். அந்தக் கேள்விக்கான பதிலை முன்கூட்டியே எழுதி, உங்கள் கையெழுத்தைப் போட்டு, அவர் கையில் கொடுங்கள். நான் போட்ட அலுவலக ஆணை இதுதான். வேண்டியதை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:

"1960-க்கு முந்தைய தெலுங்கு ஆவணங்களுடன் வரும் மனுதாரர்களுக்கு, செவ்வாய்க்கிழமைதோறும் காலை 10 முதல் 12 மணி வரை, ஆவணத்தில் உள்ள கிராமம், சர்வே எண், பரப்பு, பெயர் ஆகியவற்றை வாசித்துச் சொல்ல அலுவலக உதவியாளர் பணிக்கப்படுகிறார். இது தகவலுக்கான வாசிப்பு மட்டுமே. சான்றிட்ட மொழிபெயர்ப்பு ஆகாது. பட்டாப் பிரிவுத் துணை வட்டாட்சியர் மேற்பார்வையிடுவார். மூன்று மாத காலம் சோதனையாக நடைமுறையில் இருக்கும். இதன் தொடர்பாக எழும் வினா எதற்கும் கீழே கையொப்பமிட்டுள்ளவரே பொறுப்பு."

கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அதைப் படித்த பிறகுதான் அந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'மொழிபெயர்ப்பு ஆகாது' என்ற வரியும் முக்கியம். வழக்கு என்று போனால் சான்றிட்ட மொழிபெயர்ப்புதான் செல்லும். சர்வே நம்பர் தெரியாமல் அலைபவருக்கு நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது மட்டுமே நம் வேலை. எல்லையை இப்படிக் கோடு போட்டுக் காட்டிவிட்டால் மேலிடமும் பயப்படாது. மூன்று மாதம் என்று காலம் குறிப்பிட்டதும் அதற்காகத்தான். நிரந்தரமாக மாற்றுகிறேன் என்றால் பத்து விளக்கம் கேட்பார்கள். சோதனை என்றால் "சரி, பாருங்கள்" என்பார்கள்.

குறிப்புக் கோப்பில் யோசனை சொன்னவரின் பெயரையும் பதவியையும் எழுதுங்கள். 'கலந்தாலோசித்ததில் தெரியவந்தது' என்று எழுதி அவரை மறைத்துவிடாதீர்கள். 2005 தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு கோப்புக் குறிப்பையும் மக்கள் கேட்டு வாங்கலாம். அவர் பேரன் ஒருநாள் கேட்டாலும் தாத்தாவின் பெயர் அதில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் ஆட்சியர் கையால் தரும் பாராட்டுச் சான்றுக்குப் பட்டியல் கேட்கும்போதும் அந்தப் பெயரைத்தான் அனுப்ப வேண்டும். அவசரத்தில் கேட்பார்கள், நாமும் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவரின் பெயரை எழுதிவிடுவோம். இந்தத் தப்பை நானே ஒரு வருஷம் செய்திருக்கிறேன்.

பணம் சம்பந்தப்பட்டால் ஆணை முதலில், செலவு பிறகு. வாசிப்புக்கு ஒரு லென்ஸும், தெலுங்கு நிலச் சொற்களுக்கு நாங்களே தயாரித்த அட்டையை லேமினேட் செய்யவும் சேர்த்து 340 ரூபாய் ஆனது. மெட்ட என்றால் புஞ்சை, பஞ்சரு என்றால் தரிசு, வாகு என்றால் ஓடை, குண்ட்ட என்றால் குட்டை என்று இரண்டு பக்கம் வரும். தணிக்கைக்கு வந்தவர், தாலுகா ஆபீசுக்கு லென்ஸ் எதற்கு என்று ஆட்சேபம் எழுதினார். ஆணையின் நகலை இணைத்தேன், ஆட்சேபம் முடிந்தது. ஆணையின் தேதி ரசீதுக்கு இரண்டு நாள் முந்தியது. அது மட்டும் பிந்தியிருந்தால், அந்த 340 ரூபாய்க்காகப் பல மாதம் பதில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

கணக்கு வையுங்கள். கம்ப்யூட்டர் அறிக்கை வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், தொடங்கியபின் இரண்டு வாரம்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனையாவது தடவை, வேலை முடிந்ததா. எழுதுவது யோசனை சொன்னவராகவே இருக்கட்டும். அவருக்குத்தான் அதில் அக்கறை.

எல்லா யோசனையும் பலிக்காது. பட்டாப் பிரிவில் கலர் டோக்கன் கொடுக்கலாம் என்று ஓர் இளம் எழுத்தர் சொன்னார். நல்ல யோசனைதான், ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. மலையடிவார ஊர்களிலிருந்து வரும் பஸ் ஆபீஸ் வாசலைத் தொடுவதற்குள் டவுன்காரர்கள் டோக்கன் எல்லாவற்றையும் வாங்கி முடித்திருந்தார்கள். அந்த எழுத்தர் முகம் வாடிப்போனது. நிறுத்தும் ஆணையிலும் காரணத்தை எழுதினேன்: 'பஸ் நேரத்தைக் கணக்கில் எடுக்காததால்'. அவரைக் குறை சொல்லும் சொல் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமே பஸ் நேரப் பட்டியலோடு அவர் மறுபடி வந்தார். சத்தமில்லாமல் கைவிட்டிருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டார்.

எல்லையில் வேலை பார்ப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு. பஸ் ஏறினால் அடுத்த அரசாங்கம் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். விவசாயி காய்கறியை நேராக வாங்குபவரிடம் விற்கும் ரைத்து பஜார் 1999 ஜனவரியில் ஆந்திராவில் தொடங்கியது. அதே வருஷம் நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் நம் முதல் உழவர் சந்தை திறந்தது. 2019 அக்டோபர் 2 முதல் ஆந்திராவில் ஊர்தோறும் சச்சிவாலயம் என்று கிராமத்திலேயே ஆபீஸ் வைத்தார்கள். சுமார் 2,000 மக்களுக்கு ஓர் ஆபீஸ் என்று கணக்கு. சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருப்பதால் நம் ஊழியர்கள் கல்யாணம், காதுகுத்து என்று போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும், "அங்க சான்றிதழ் எப்படித் தர்றாங்க? என்ன பேப்பர் கேட்டாங்க?" என்று டீ நேரத்தில் விசாரியுங்கள். அரசு வேலையாகவே அனுப்புவதானால் மேலிட அனுமதி கேட்டு வாங்குங்கள்.

ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை) சமயத்திலும் தேர்தல் நேரத்திலும் எதையும் தொடங்க வேண்டாம். ஜூலையில், புதுப் பசலி பிறக்கும்போது தொடங்குங்கள். அப்போதுதான் ஆட்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும்.

கடைசியாக, இடமாறுதல். தாசில்தார் ஒரு நாற்காலியில் அதிக காலம் இருப்பதில்லை, அடுத்து வருபவருக்கு இதெல்லாம் தெரியாது. பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பில், நிலுவைக் கோப்புகளுக்கு முன்னால் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன நடக்கிறது, யார் செய்கிறார், எந்த ஆணை, நோட்டு எந்த அலமாரியில் என்று எழுதுங்கள். நான் அந்த உதவியாளர் ஓய்வு பெறும் தேதியையும் எழுதினேன், இன்னும் இரண்டே வருஷம் இருந்தது. பதிவறை எழுத்தராக இருந்த பெண், "எழுத்து மட்டும் கத்துக்கிட்டா போதுமா மேடம்? நான் கத்துக்கிறேன்" என்று தானாக வந்து கேட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்று இன்னோர் ஆணையைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, அவள் கையில் ஒரு நகலும் அவர் கையில் ஒரு நகலும் கொடுத்துவிட்டுத்தான் நான் சாவியை ஒப்படைத்தேன்.