கூறைப் புடவைக்கு 1950-களின் பாணியில் ஃபேஷன் ஸ்கெட்ச்

அந்தக் கால ஐரோப்பிய ஃபேஷன் படங்களில் உருவத்தை எட்டரை, ஒன்பது தலை உயரத்துக்கு (தலையின் நீளம்தான் அளவு) இழுத்திருப்பார்கள். கூடுதல் உயரமெல்லாம் காலுக்குப் போகும். 1947-இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் கொண்டுவந்த ஒடுங்கிய இடுப்புக்கும் அகன்ற பாவாடைக்கும் அது எடுப்பாக இருந்தது, கெண்டைக்கால் வெளியே தெரிந்ததால். புடவையோ பாதம்வரை மூடிவிடும். எட்டுத் தலை போதும்.

ஏ3 தாளில் தலைக்கு 4 செ.மீ. வைத்தால் உருவம் 32 செ.மீ. உச்சியிலிருந்து தோள் 6, மார்பு 8, இடுப்பு 11, முழங்கால் 23. கழுத்துக்குழியிலிருந்து நேர்க்கோடு இறக்குங்கள். உடல் எடை தாங்கும் பாதம் அந்தக் கோட்டின் மேல் வரவேண்டும். தவறினால் உருவம் சாய்ந்து விழப்போவதுபோல் நிற்கும்.

முந்தானை இடது தோளில். அதாவது, முன்புறத் தோற்றத்தில் நமக்கு வலப்பக்கம். பலர் மாற்றி வரைவது இங்கேதான். கொசுவ மடிப்பும் அதே பக்கம் பார்க்கவேண்டும். இடுப்பில் 2.5 செ.மீ. அகலக் கொத்தாகத் தொடங்கி, பாதத்தில் 5 செ.மீ. விரியட்டும்.

இனி கட்டம். மயிலாடுதுறைக் கூறைநாட்டுப் புடவைக்கு உயிரே அதுதான்; நிதானமாகச் செய்யவேண்டிய வேலையும் இதுதான். புடவையின் நீளம் உடம்பைச் சுற்றிப் போவதால் பாவுக் கோடுகள் (புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல்) படுக்கையாகவும் ஊடைக் கோடுகள் (குறுக்கே ஓடும் நூல்) நெடுக்காகவும் வரும். படுக்கைக் கோடுகளை இடுப்பின் உருட்சிக்கேற்பக் கீழ்நோக்கி லேசாக வளையுங்கள். ஒவ்வொரு கொசுவ மடிப்பிலும் கோடு முறிந்து, கொஞ்சம் ஏறியோ இறங்கியோ மறுபடி தொடங்கும். முந்தானையில் கட்டம் முழுதும் சாய்ந்து, கரைக்கு இணையாகத் தோளை நோக்கி ஏறும். இதை விட்டுவிட்டு ஸ்கேல் வைத்து இழுத்தால், கிராஃப் தாளை வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும். கட்டம் அரை செ.மீ.-க்குக் குறைந்தால் வண்ணம் பூசும்போது அடைந்துபோகும்.

ரவிக்கைக்குப் பஃப் கை. தோள் தையலிலிருந்து ஐந்தாறு சுருக்கக் கோடுகள், பாதியிலேயே நிற்கட்டும். கை விளிம்புவரை இழுத்தால் உப்பல் தெரியாது.

வாட்டர் கலரென்றால் முதலில் புடவை முழுக்க மஞ்சள். நன்றாகக் காய்ந்தபின், கோடுகளை விட்டுவிட்டு அரக்குச் சிவப்பைக் கட்டம் கட்டமாக நிரப்புங்கள். சிவப்பின்மேல் மஞ்சள் எடுபடாது. போஸ்டர் கலரில் மேலே பூசலாம், ஆனால் கெட்டியாக. தண்ணீர் கூடினால் அடியிலுள்ள சிவப்பு கரைந்து ஆரஞ்சாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் காய நேரமெடுக்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளை நான்கு பக்கமும் பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், நெளியாது.

கடைசியாக 2-ஆம் நம்பர் பிரஷ்ஷால் கறுப்பு மை: நிழல் பக்கம் தடித்தும் வெளிச்சப் பக்கம் மெலிந்தும், அங்கங்கே விட்டும். முகத்துக்குப் புருவம், இமை, உதடு போதும். தாளின் மூலையில் ரவிக்கையின் பின்பக்கத்தைச் சிறிதாக வரைந்து, கொக்கி முன்னாலா பின்னாலா என்று குறியுங்கள். அதன் பக்கத்தில் ரவிக்கைத் துணியில் 5 செ.மீ. துண்டு ஒன்றைக் குண்டூசியால் குத்திவிட்டால், தைப்பவர் படத்தின் நிறத்தை நம்பித் துணி எடுக்கவேண்டியிராது.